கேட்ட விதமும் கேட்கப்பட்ட ஆளும்

1990-களின் நடுவில் இந்திய ஏழைகளின் எண்ணிக்கையை ஏறக்குறைய பாதியாகக் குறைக்க ஓர் எளிய வழி இருந்தது. சாப்பாட்டுச் செலவை ‘கடந்த 30 நாளில் எவ்வளவு’ என்று கேட்காமல் ‘கடந்த 7 நாளில் எவ்வளவு’ என்று கேட்டால் போதும். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 51 முதல் 54 வரையான சுற்றுகளில் (1994–98) இது சோதித்தே பார்க்கப்பட்டது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் பழைய வழக்கப்படி 30 நாள் கணக்கும் மறு பாதியிடம் 7 நாள் கணக்கும் கேட்டார்கள். 7 நாள் கணக்குச் சொன்ன வீடுகள் மாதத்துக்குச் சராசரியாகக் கூடுதலாகச் சாப்பிட்டதாகப் பதிவாயின. வறுமைக்கோடு இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பகுதி மேலே ஏறிவிட்டது. காரணம் சமையலறையிலேயே கிடக்கிறது. ரேஷன் அரிசியும் மளிகைச் சாமானும் மாதத்துக்கு ஒருமுறை வருகின்றன. காய்கறி இரண்டு நாளைக்கு ஒருமுறை, பால் தினமும். டீக்கடையில் தின்ற வடையை வீட்டில் யாரும் கணக்கு வைப்பதில்லை. முப்பது நாளைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் சின்னச் செலவுகள் மறந்துபோகும். ஏழு நாள் என்றாலோ, பத்து நாளைக்கு முன்பு வாங்கிய எண்ணெயும் ‘போன வாரம்தானே’ என்று உள்ளே நுழைந்துவிடும். ஒன்று குறைத்துக் காட்டும், மற்றது கூட்டிக் காட்டும். ‘7 நாள்தான் நினைவுக்கு அருகில் இருக்கிறது, அதனால் அதுதான் சரி’ என்று முடிவு கட்டவும் வழியில்லை. 1952-இல் மேற்கு வங்கத்தில் நடந்த சோதனைகளை வைத்து புள்ளியியலாளர்கள் மகாலனோபிஸும் சென்னும், வாரக் கணக்கைவிட மாதக் கணக்கே உண்மைக்கு அருகில் நிற்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் பாடம் தருவது. 1999–2000-இல் நடந்த 55-ஆவது சுற்றில் இரண்டு கேள்விகளையும் ஒரே குடும்பத்திடம், ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் வைத்தார்கள். ‘ஏழு நாளில் இரண்டு கிலோ துவரம்பருப்பு’ என்று சொன்ன வாயால் ‘முப்பது நாளில் மூன்று கிலோ’ என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும், எழுதிக்கொள்பவருக்கும் இடிக்கும். இரண்டு எண்களும் ஒன்றையொன்று இழுத்துச் சமாதானமாகிவிட்டன. 1993–94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாகக் குறைந்தது என்று அரசு அறிவித்தது. அந்தப் பத்துப் புள்ளிகளில் எத்தனை தாராளமயத்தால் வந்தவை, எத்தனை தாளில் கட்டம் போட்ட விதத்தால் வந்தவை என்று பல ஆண்டுகள் சண்டை நடந்தது. பொருளியலாளர்கள் ஆங்கஸ் டீட்டனும் வேலரி கோசலும் அந்த விவாதத்தைத் தொகுத்து ஒரு நூலாகவே கொண்டுவந்தார்கள். முந்தைய நான்கு சுற்றுகளில் குலுக்கல் முறைப் பிரிவினை நடந்திராவிட்டால், இங்கே விவாதிக்க ஒரு விஷயம் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. கேள்விப் பட்டியலில் சாய்வைத் தவிர்ப்பது பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக ‘நடுநிலையான சொற்களைப் பயன்படுத்துங்கள், எல்லாத் தரப்பினரையும் மாதிரியில் சேருங்கள்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் சாய்வே இல்லாத கேள்வி என்று ஒன்று எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை அது வளர்க்கிறது. ஒரு கணக்கெடுப்பின் தரத்தை அதன் கேள்விகள் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்பதைக் கொண்டு எடைபோட முடியாது. தன் சாய்வு எந்தப் பக்கம், எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வழியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வெளிப்படையான பிழைகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1992-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில், யூதர்களை நாஜிகள் அழித்தொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியமாகத் தோன்றுகிறதா, சாத்தியமற்றதாகத் தோன்றுகிறதா என்று கேட்டார்கள். 22 சதவீதத்தினர் ‘சாத்தியம்’ என்றார்கள், நாடே திடுக்கிட்டது. 1994-இல் இரட்டை எதிர்மறையை எடுத்துவிட்டுக் கேட்டபோது அது ஒரு சதவீதமாகச் சுருங்கியது. கேள்வி புரியாமல் தலையாட்டியவர்களைத்தான் முதலில் எண்ணியிருக்கிறார்கள். இது கவனக்குறைவு, நாலு பேரிடம் முன்கூட்டிக் கேட்டுப் பார்த்திருந்தால் அகப்பட்டிருக்கும். தொல்லை தருவது வேறு வகை. 1940 வாக்கில் டொனால்ட் ரக் ஓர் ஒப்பீட்டைச் செய்தார். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு குழுவிடமும், தடை செய்ய வேண்டுமா என்று இன்னொரு குழுவிடமும் கேட்கப்பட்டது. ‘அனுமதிக்கக் கூடாது’ என்றவர்கள் 62 சதவீதம். ‘தடை செய்யலாம்’ என்றவர்கள் 46 சதவீதம்தான். இரண்டு கேள்வியிலும் குழப்பமில்லை, தூண்டிலில்லை, எந்த ஆசிரியரும் சிவப்பு மை போட மாட்டார். தர்க்கத்தில் இரண்டும் ஒன்றே. ஆனாலும் 16 புள்ளி வித்தியாசம். கேள்விகளின் வரிசையும் இப்படியே வேலை செய்யும். 1948-இல், கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் விட்டுச் செய்தி சேகரிக்க அனுமதிக்கலாமா என்று முதலிலேயே கேட்டபோது 36 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள். அமெரிக்க நிருபர்களை ரஷ்யாவில் அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு இதைக் கேட்டபோது 73 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா என்ற உறுத்தல் இடையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த இரண்டில் எது மக்களின் ‘உண்மையான’ கருத்து? இரண்டும்தான். பலருக்குப் பல விஷயங்களில் கருத்து என்பது பெட்டியில் பூட்டிவைத்த பொருளாக இல்லை, கேட்கும்போதுதான் உருவெடுக்கிறது.

இதை ஒப்புக்கொண்டால், ‘தூண்டும் கேள்வி கூடாது’ என்ற விதியையும் கொஞ்சம் தளர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பின் 2011–12 சுற்றில் தீண்டாமை பற்றி எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள். முதலில் நேரடியாக, உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்ற கேள்வி. இல்லை என்றவர்களிடம் அடுத்து, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரங்களைப் புழங்கினாலோ பரவாயில்லையா என்று கேட்டார்கள். இரண்டையும் சேர்த்து நாட்டில் சுமார் 27 சதவீதக் குடும்பங்கள் ஏதோ ஒரு விதத்தில் ஒப்புக்கொண்டன. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் எண் இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். தீண்டாமை சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லைக் காதில் போட்டதுமே ‘சேச்சே, அதெல்லாம் எங்க வீட்டுல இல்லீங்க’ என்ற பதில் தயாராகிவிடும். சமையலறையும் சொம்பும் வேறு. அங்கே பதில் சொல்பவர் சட்டத்தை நினைப்பதில்லை, மாமியாரை நினைக்கிறார். இரண்டாம் கேள்வி ஆளைச் சிக்கவைக்கும் கேள்விதானே, அது நியாயமா என்று ஆட்சேபிக்கலாம். முதல் கேள்விதான் அதிகம் சாய்ந்திருக்கிறது என்பேன். அது ஒருவரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. இன்னொரு பக்கம், விவரம் சேர்ப்பதாலேயே எண் ஊதிப்போகவும் செய்யும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மனைவியைக் கணவன் அடிப்பது நியாயமா என்று ஒரே வரியில் கேட்பதில்லை. சொல்லாமல் வெளியே போனால், சரியாகச் சமைக்காவிட்டால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என்று ஏழு காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கிறார்கள். ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் கணக்கில் சேரும். 2019–21 சுற்றில் பெண்களில் 45 சதவீதம் பேர் அப்படிச் சேர்ந்தார்கள். தெலங்கானாவில் 80 சதவீதத்துக்கும் மேல். ஏழு வாய்ப்புக் கொடுத்தால் ஒன்றிலாவது தலை அசையும் என்பதையும், வந்திருக்கும் ஆளைச் சங்கடப்படுத்தாமல் ‘ஆமாங்க’ சொல்லி அனுப்பும் பழக்கத்தையும் மனதில் வைத்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். பத்திரிகைத் தலைப்புகள் அப்படிப் படிப்பதில்லை.

பெண்களின் வேலை பற்றிய எண்களில் இந்தப் பிரச்சினை அன்றாடம் நடக்கிறது. இரண்டு கறவை மாடு வைத்து, விடிகாலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, பகலில் புல் அறுத்து வரும் பெண்ணிடம் ‘வேலைக்குப் போறீங்களாம்மா?’ என்று கேட்டால் ‘இல்லீங்க, வீட்டுலதான் இருக்கேன்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை; அவருக்கு வேலை என்றால் கூலிக்கோ சம்பளத்துக்கோ வெளியே போவது. அவருடைய கணவரிடம் கேட்டால் ‘அது சும்மாதான் இருக்கு’ என்றே பதில் வரலாம். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில் வீட்டில் உள்ள ஒருவரே மற்றவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்வது சகஜம் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பின் விதிப்படி அவர் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உழைப்பவர், உழைப்பாளர் தொகையில் வர வேண்டியவர். களப்பணியாளர் மாட்டைப் பற்றி ஒரு துணைக்கேள்வி கேட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்து அவர் உள்ளே வருவார் அல்லது ‘வீட்டுவேலை’ என்ற குறியீட்டுக்குள் மறைந்துபோவார். காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017–18-இல் 23.3 சதவீதம், 2023–24-இல் 41.7 சதவீதம். 2023–24-இல் வேலையில் இருந்த பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சுயதொழிலிலும் குடும்பத் தொழிலிலும் இருந்தவர்கள். உண்மையிலேயே இத்தனை பேர் ஆறு ஆண்டுகளில் வேலைக்குள் வந்தார்களா, முன்பே செய்துவந்த வேலை இப்போதுதான் எழுதப்படுகிறதா என்பதில் பொருளியலாளர்கள் ஒருமித்து நிற்கவில்லை. இரண்டும் கலந்திருக்கும் என்பதே என் கணிப்பு. எந்த விகிதத்தில் என்று சொல்ல, பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரே ஆண்டில் குலுக்கிப் போட்டுக் கேட்ட சோதனை வேண்டும்.

இனி ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 23 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பல மடங்கு சிறிய மாதிரியோடு ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகச் சொன்னார். தொலைபேசி, கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து பெயர் எடுத்ததால் பணக்காரர்களாகச் சேர்ந்துவிட்டார்கள் என்று பாடப்புத்தகங்கள் காரணம் சொல்கின்றன. அது பாதிக் கதைதான். 1937-இல் கேலப் எடுத்த ஒரு கணக்கெடுப்பைப் பெவரில் ஸ்குயர் 1988-இல் மறுபடி அலசினார். சீட்டு வந்து சேர்ந்த எல்லோரும் பதில் போட்டிருந்தால் அந்த இதழின் கணிப்பிலும் ரூஸ்வெல்ட்டே முந்தியிருப்பார் என்று தெரிந்தது. பட்டியலின் சாய்வு ஒருபுறம் இருக்க, சீட்டை நிரப்பித் தபாலில் சேர்க்கும் அளவுக்கு யாருக்குக் கோபம் இருந்தது என்பதே முடிவைக் கவிழ்த்தது. ஆளும் தரப்பு மேல் கோபம் உள்ளவர் கட்டாயம் பதில் எழுதுவார். திருப்தியாக இருப்பவர் சீட்டை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோவார்.

எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே தவறு கணினி வேகத்தில் நடந்தது. 2021-இல் அமெரிக்காவில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று, ஃபேஸ்புக் வழியாக வாரத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேரிடம் பதில் வாங்கிய ஒரு கணக்கெடுப்பு, மே மாதத்தில் உண்மையைவிட 17 புள்ளி கூடுதலாகக் காட்டியது. சுமார் ஆயிரம் பேரிடம் மட்டும் கேட்ட, ஆனால் மாதிரியைப் பொறுக்குவதில் பாடுபட்ட இன்னொன்று உண்மைக்கு அருகில் நின்றது. ஷியாவ்-லி மெங் உள்ளிட்ட புள்ளியியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் போட்ட கணக்கின்படி, அந்த இரண்டரை லட்சம் பதில்களின் பெறுமானம் ஒழுங்காகக் குலுக்கி எடுத்த பத்துப் பேரின் பதிலைத் தாண்டவில்லை. குலுக்கலின் பிழை ஆள் கூடக் கூடக் குறையும். சாய்வு அப்படிக் குறையாது. ஆள் கூடினால் சாய்ந்த எண்ணின் மேல் வைக்கும் நம்பிக்கைதான் கூடும். ‘ஐந்து லட்சம் பேரிடம் கேட்டோம்’ என்று தொலைக்காட்சியில் முழங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நம் ஊர் வாசற்படியில் இந்தச் சாய்வு எப்படி நுழைகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வீடு குலுக்கலில் சரியாகவே விழுந்திருக்கும். பகல் பதினொரு மணிக்குப் போனால் வேலைக்குப் போன எவரும் அங்கே இருக்க மாட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் காவலாளியே வாசலில் நிறுத்திவிடுவார். அப்படிப் பார்த்தால் வசதியானவர்கள்தான் நம் கணக்கெடுப்புகளில் அதிகம் தப்பிக்கிறவர்கள். கிராமத்தில் கதவு திறக்கும், ஆனால் முன்னால் வந்து பேசுவது வீட்டுப் பெரியவர். யாரிடம் பேசுவது என்பதைக் கதவு திறந்தவர் தீர்மானிக்காமல் இருக்கத்தான் லெஸ்லி கிஷ் 1949-இல் ஓர் அட்டவணையைத் தந்தார். வீட்டிலுள்ள வயதுவந்தோரை வரிசைப்படி எழுதி, முன்கூட்டியே குறித்த எண்ணுக்கு உரியவரிடம் மட்டும் கேட்க வேண்டும். மருமகள் பெயர் விழுந்தால் மருமகளிடம்தான். தொலைபேசிக்கு மாறினால் இது தீர்ந்துவிடும் என்பது இன்னொரு மாயை. 2019–21-இல் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த இந்தியப் பெண்கள் சுமார் 54 சதவீதம்தான். அதோடு, கேட்பவரை யாரென்று நினைக்கிறார்கள் என்பதும் பதிலுக்குள் வரும். தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம், நிலம், மின்சாரப் பயன்பாடு என்று வரம்புகள் உண்டு. கையில் டேப்லெட்டோடு ஒருவர் வந்து கார் இருக்கிறதா, எத்தனை ஏக்கர், கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டால், ‘இது ஆராய்ச்சிக்காக’ என்ற விளக்கம் எடுபடுமா? இங்கே கேள்வியையும் ஆளையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. குடும்ப நலக் கணக்கெடுப்பு இதை நன்றாகப் புரிந்துகொண்ட இடம் ஒன்று உண்டு. கணவன் கொடுமை பற்றிய பகுதியை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்பார்கள். தனியாகப் பேச இடம் கிடைக்காவிட்டால் கேட்காமலேயே விட்டுவிடுவார்கள். பொய்யான ‘இல்லை’யைவிட வெற்றுக் கட்டம் மேல் என்ற அந்த முடிவு, எத்தனை அழகாகச் சொல்லமைத்த கேள்வியையும்விடப் பெரிய காரியம்.

‘விடுபட்டவர்களுக்கு எடை கொடுத்துச் சரிசெய்துவிடலாமே’ என்பது வலுவான எதிர்வாதம். மாதிரியில் பெண்கள் குறைவென்றால் இருக்கும் பெண்களின் பதிலைக் கொஞ்சம் பெருக்கிக்கொள்வது வழக்கமான முறைதான். அது இல்லாமல் எந்தக் கணக்கெடுப்பும் நடக்காது. ஆனால் பதில் சொன்ன பெண்ணும் சொல்லாத பெண்ணும் ஒரே மாதிரி என்று நம்பினால்தான் அது செல்லுபடியாகும். 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதிக்கு எடை கொடுக்கத் தவறியதால் ட்ரம்ப்பின் ஆதரவு குறைத்துக் காட்டப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். 2020-இல் அதைப் பலரும் திருத்திக்கொண்டார்கள். பிழையோ நாற்பது ஆண்டுகளில் காணாத அளவுக்குப் பெரிதானது. கல்லூரிக்குப் போகாதவர்களிலும் கருத்துக்கணிப்பாளரிடம் பேசுகிறவர் ஒரு ரகம், போனை வைத்துவிடுகிறவர் வேறு ரகம். இந்தியாவில் எடை கொடுப்பதற்கு இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது: எடை கொடுக்க அடிப்படையாக இருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மாதிரியைப் பொறுக்க அடிப்படையாகும் பட்டியலைச் சட்டகம் என்பார்கள்; அது பழையதாக இருப்பதால் நம் கணக்கெடுப்புகள் கிராமத்தை மிகைப்படுத்தி வளர்ச்சியைக் குறைத்துக் காட்டுகின்றன என்று 2023-இல் ஷமிகா ரவி போன்றோர் எழுத, பிரணாப் சென் போன்ற மூத்த புள்ளியியலாளர்கள் மறுத்தார்கள். சட்டகம் பழையது என்பது உண்மை. ஆனால் பிழை ஒரே பக்கமாகத்தான் சாயும் என்பது நிரூபிக்கப்பட வேண்டியது. எண் பிடிக்கவில்லை என்பது அதற்கு நிரூபணமாகாது.

இன்னோர் எதிர்வாதம் அலுவலகங்களுக்குள்ளிருந்து வருகிறது, அதைத் தள்ளிவிட முடியாது. கேள்வி குறையுள்ளதாக இருந்தாலும் மாற்றாதீர்கள், மாற்றினால் முப்பது ஆண்டு வரிசை அறுந்துபோகும் என்கிறார்கள். 2022–23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய்த் தனித்தனிக் கேள்விப் பட்டியல்களோடு கேட்டார்கள். முறை மேம்பட்டது, ஆனால் 2011–12-ஓடு ஒப்பிட்டு வறுமை எவ்வளவு குறைந்தது என்று சொல்ல வந்தவர்கள் எல்லோரும் மறுபடி 1999–2000-இன் புதைகுழியருகே வந்து நின்றார்கள். மாற்றாதே என்பதும் சரியில்லை, மாற்றிவிட்டு ஒப்பிடு என்பதும் சரியில்லை. மாதிரியில் ஒரு பகுதியிடம் பழைய முறையிலேயே கேட்டு வைப்பதுதான் வழி. அதற்குச் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் இது நமக்குப் புதிய யோசனை அல்ல. 1930-களின் பிற்பகுதியில் வங்காளத்துச் சணல் சாகுபடியை அளக்கத் தொடங்கிய மகாலனோபிஸ், ஒரே பகுதியில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாதிரிகளை இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இரண்டு விடைகளும் எவ்வளவு விலகுகின்றன என்பது களப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். கைக்கணக்கு யுகத்தில், ஏழை நாட்டில், அதற்குப் பணம் இருந்தது.

தேர்தல் கணிப்புகளில் இந்த மரபின் சுவடுகூட இல்லை. 2024-இல் பெரும்பாலான எக்ஸிட் போல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் இடங்கள் கொடுத்தன, கிடைத்தது 293. வாக்கு விகிதத்தை இடங்களாக மாற்றுவதில் வரும் பிழை தனி. அதை மாதிரியின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. ஆனால் எத்தனை வாக்காளர்கள் பதில் சொல்ல மறுத்தார்கள், எந்தச் சமூகத்தில் அதிகம் மறுத்தார்கள், கேட்டவர் யார், சீட்டை ரகசியமாகப் போடச் சொன்னார்களா அல்லது தெருவில் நின்று வாயால் சொல்லச் சொன்னார்களா என்ற விவரங்களைப் பெரும்பாலானோர் வெளியிடாதபோது, பிழை எங்கே நுழைந்தது என்று தேடுவதற்கே வழியில்லை. அரசுக் கணக்கெடுப்புகளின் குறைகளை நாம் இவ்வளவு விரிவாகப் பேச முடிவதே அவற்றின் கேள்விப் பட்டியலும் களக் குறிப்பும் குடும்பவாரித் தரவும் வெளியில் இருப்பதால்தான். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து புதிய சட்டகம் கைக்கு வரும்போது, பழையதைத் தூக்கி எறியாமல் ஒரே ஒரு சுற்றையாவது இரண்டு சட்டகங்களிலும் பக்கம் பக்கமாக எடுத்தால், 2011-க்குப் பின் வந்த எல்லா எண்களும் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருந்தன என்று அளந்து சொல்லிவிடலாம். அந்தச் சுற்றுக்கான திட்டத்தையும் செலவுக் கணக்கையும் போடவேண்டிய நேரம் இது. சட்டகம் மாறிய பிறகு பழையதில் போய்க் கேட்க முடியாது.